அவர் போர்டு, என் டிரைவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வர்ற மாதிரி இருட்டிச்சு, வரலை. துணியை எடுத்து உள்ள போட்டு, மறுபடி வெளியில போட்டாச்சு.

இன்னைக்கு:
– அம்மாவுக்கு சுகர் மாத்திரை (புந்தோங் கடையில தீர்ந்துடுச்சு, டவுன்ல பார்க்கணும்)
– கார் டயர் காத்து
– சேகர் அண்ணேக்கு பதில்

மூணாவதுக்கு முன்னாடியே மெஷின் விக்கிற முதலாளி, எங்க தவுக்கே, போன் பண்ணிட்டாரு. பாகான் செராய் அரிசி ஆலையில நம்ம மெஷின் மறுபடி நின்னுடுச்சாம். அறுவடை லோரி வர ஆரம்பிச்சாச்சு, ஆலைக்காரர் கத்தறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும். ஆகலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவாராம். அப்படித் திரும்பி வந்தா இனிமே வெளிநாட்டு போர்டு வாங்கிப் போட்டுக்கறேன், உன் வேலையும் சேகர் வேலையும் வேணாம்னு தவுக்கே சொன்னாரு. கோபமா சொல்லலை. அதான் பயம்.

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "அந்த மெஷின் என்னதான்லா பண்ணுது?"

மறுபடி சொன்னேன். அரிசி மேலிருந்து கொட்டும். கேமரா பார்க்கும். கறுப்பு அரிசி, கல்லு வந்தா காத்து அடிச்சுத் தள்ளிடும். எது நல்லது எது கெட்டதுன்னு முடிவு பண்றது சேகர் அண்ணே செஞ்ச சர்க்யூட் போர்டு. அதுல ஒரு சிப் இருக்கு, அதோட உள் ஒயரிங்கையே நம்ம தேவைக்கு எழுதி மாத்திக்கலாம். அந்த போர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிறதுக்கு நடுவுல நான் எழுதின புரோகிராம், டிரைவர்.

"டிரைவர்னா உள்ள உட்கார்ந்து ஓட்டறதா?"

"இல்லம்மா. வெளியில நின்னு ஓட்டறது."

விளையாட்டுக்குச் சொன்னேன், ஆனா அதுதான் உண்மை. வழக்கமா டிரைவரை கெர்னலுக்குள்ள, சிஸ்டத்தோட வயித்துக்குள்ள வைப்பாங்க. அங்க ஒரு தப்புன்னா கம்ப்யூட்டரே படுத்துடும். நான் சாதாரண புரோகிராம் மாதிரி வெளியில எழுதியிருக்கேன். விழுந்தா அது மட்டும் விழும், உடனே தானா எழுந்துக்கும். இதுக்கு தவுக்கேகிட்ட எவ்வளவு மல்லுக்கட்டினேன். இப்ப பார்த்தா அது விழவே இல்ல. சும்மா நிக்குது. விழுந்ததை எழுப்பலாம், நிக்கறதை என்ன பண்றது.

சேகர் அண்ணேக்கு போன் அடிச்சேன். எடுக்கலை. ஒரு வருஷமா சேர்ந்து வேலை செய்யறோம், அவர் தெற்கே பீடோர்ல, நான் இங்க புந்தோங்ல. ஒரு தடவை கூட போன் எடுத்ததில்ல. எடுக்காம உடனே வாட்சாப் மட்டும் வரும். இன்னைக்கும்:

"என் பக்கம் சரியா இருக்கு மேடம். உங்க பக்கம் பாருங்க."

"என் பக்கமும் சரியாத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப நடுவுல பேய் இருக்கு. புதன்கிழமை ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பிடிப்போம்."

மண்டைக்கனம் பிடிச்ச ஆளு. ஆனா சிரிச்சுட்டேன்.

மாத்திரை வாங்கியாச்சு. டயர் மறந்துட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நல்ல வெயில். ஹைவேயில லேசா புகை மூட்டம். பாகான் செராய் தாண்டினதும் ரெண்டு பக்கமும் வயல், பாதி அறுத்து, பாதி அப்படியே மஞ்சளா.

ஆலைக்குள்ள தவிட்டுத் தூசு. கண்ணுல, மூக்குல, கொண்டு போன பிரெட்ல. மெஷினைப் பார்த்துக்கிறது காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, மலாய்க்கார அம்மா, ஐம்பது வயசிருக்கும். என்னைப் பார்த்ததும், "டாக்டர் சுடா டாதாங்." டாக்டர் வந்தாச்சாம்.

அப்புறம் சேகர் அண்ணே வந்தாரு. உயரம். முன் முடி மட்டும் நரை. சட்டைப் பட்டன் கழுத்து வரைக்கும்.

"சேகர் அண்ணேயா? நான் வாசுகி."

வாயைத் திறந்தாரு. ஒண்ணும் வரலை. தாடை அப்படியே இறுகி நின்னுச்சு. கண்ணை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு, "வ… வ… வணக்கம்."

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. ஒரு வருஷமா போன் எடுக்காத திமிர்னு அம்மாகிட்ட எத்தனை தடவை புலம்பியிருப்பேன்.

அதோட விட்டேனா. அவர் "ப… ப…"ங்கும்போது நான் "பவரா?" "ப… ப…" "பின்னா?" உதவி பண்றதா நினைப்பு. அவர் போனை எடுத்து, என் முன்னாடியே நின்னுக்கிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாரு:

"பஃபர். நீங்க சொன்ன வார்த்தை எல்லாம் தப்பு மேடம். ஆனா வேகம் நல்லா இருக்கு."

அதுக்கப்புறம் வாயைத் திறக்கலை நான். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். காத்திருந்தா முழுசா வருது. நல்லாவே பேசறாரு. காக் ரோஸுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அவர் பாட்டுக்குப் பேச, இவங்க பாட்டுக்கு மூட்டையை இழுத்துப் போட்டுக்கிட்டே கேட்டுக்கறாங்க.

மெஷின் முன்னாடி நாற்காலி போட்டு மத்தியானம் பூரா உட்கார்ந்து பார்த்தோம். நிக்கவே இல்ல. ஒழுங்கா ஓடுது. சாயங்காலம் எங்க ரெண்டு காரும் கேட்டைத் தாண்டுது, காக் ரோஸ் பின்னாடியே ஓடி வர்றாங்க. நின்னுடுச்சு.

சேகர் அண்ணே ஸ்டியரிங் மேல தலையை வச்சுக்கிட்டாரு.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில மழை, ஹைவேயில முன்னாடி போற லோரியே தெரியலை.

இன்னைக்கு செஞ்சது: கனெக்டர் எல்லாம் கழட்டித் துடைச்சோம். கேபிள் மாத்தினோம். பவர் சப்ளை மாத்தினோம். எர்த் செக் பண்ணோம். பலன்: மத்தியானத்துக்கு முன்னாடியே நின்னுச்சு.

கேமராத் தகவல் சேர்ற பஃபர் நிறைஞ்சா அவர் போர்டு ஒரு மணி அடிக்கும், அதாவது இன்டரப்ட். என் டிரைவர் எழுந்து போய் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும், எந்த பஃபர்னு தெரிஞ்சுக்கிட்டு காலி பண்ணிக் கொடுக்கும். நின்னு போற நேரத்துல என் டிரைவர் எழுதி வைக்கிற லாக் என்ன சொல்லுதுன்னா: மணி அடிச்சுது, போய்ப் பார்த்தேன், ரெஜிஸ்டர்ல ஒண்ணுமே இல்ல, திரும்பி வந்துட்டேன். அவர் போர்டு சொல்லுது: பஃபர் நிறைஞ்சு உட்கார்ந்திருக்கேன், யாரும் வரலை. அப்புறம் அது காத்து வால்வை மூடிடுது, கறுப்பு அரிசி நல்ல அரிசியோட போய் விழுது, காக் ரோஸ் கத்தறாங்க.

"உங்க போர்டு பொய் சொல்லுது அண்ணே. ஒண்ணுமில்லாததுக்கு மணி அடிக்குது."

அவர் ஏதோ சொல்ல வந்தாரு. "பொ…"வுல நின்னுடுச்சு. ரொம்ப நேரம். அப்படியே திரும்பி சாப்பாட்டுக் கடைக்கு நடந்துட்டாரு. சொன்ன தோரணை தப்பு. பின்னாலேயே போனேன்.

நாசி சம்புர், சோறும் மீனும். அவர் மீன் தலையைக் கடைப் பூனைக்குப் போட்டாரு. நான் மன்னிப்பு கேட்டேன். தலையாட்டினாரு. அப்புறம் மெதுவா, நடுநடுவுல நின்னு நின்னு சொன்னாரு: நாளைக்கு சரியாகலைன்னா சிங்கப்பூர் போயிடுவாராம். பெரிய அண்ணன் அங்க இருக்காரு, பேக்டரி ஒண்ணுல கேட்டு வச்சிருக்காரு.

"நல்ல சம்பளமா இருக்கும்லா"ன்னேன்.

பாதிச் சோத்துல கை கழுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசிக்கிறேன். அவர் சிங்கப்பூர் போனா எனக்கு என்ன? நேத்துதானே மூஞ்சியையே பார்த்தேன். ஆனா மூஞ்சி பார்க்காமலே தெரிஞ்சதெல்லாம் இருக்கு. சிப்புக்கு எழுதற கோட்ல நடுநடுவுல தமிழ்ல குறிப்பு எழுதி வைப்பாரு. "இங்க கை வைக்காதே, தூங்குது." "இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது, முருகா." தீபாவளிக்கு எனக்கு அனுப்பின போர்டு டப்பாவுல முறுக்கு இருந்துச்சு, நொறுங்காம இருக்க பபிள் ராப் சுத்தி. போர்டுக்குச் சுத்தலை. இன்னைக்கு கேபிள் வந்த பிளாஸ்டிக் பையை எல்லாம் முக்கோணமா மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு.

போதும். தூங்கணும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூட்டமா இருந்துச்சு, மத்தியானத்துக்கு மேல வெயில்.

நடந்ததை வரிசையா எழுதி வைக்கணும், மறந்துடக் கூடாது.

காலையில ஆலைக்காரர் வந்து நின்னு பார்த்துட்டுப் போயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் சுவத்தோரமா மூட்டை மேல உட்கார்ந்திருந்தோம், என்ன செய்யறதுன்னு தெரியாம. மெஷின் கிட்ட யாரும் இல்ல. காக் ரோஸ் வந்தாங்க. தோள்ல கிடந்த துணியை எடுத்து டச் ஸ்கிரீனைத் துடைச்சாங்க. அந்தத் தூசுக்கு துடைக்காம எதுவும் தெரியாது. துடைக்கத் துடைக்க ஸ்கிரீன்ல பக்கம் மாறிச்சு. முதல் பக்கம், செட்டிங், ஸ்டேட்டஸ், மறுபடி முதல் பக்கம்.

வால்வு சத்தம் நின்னுச்சு.

"ரோசாக் லாகி"ன்னு காக் ரோஸ் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டாங்க. மறுபடி கெட்டுப் போச்சு.

நான் எழுந்து போய் எல்லாத்தையும் புதுசா ஓட விட்டேன். "காக், பிஞ்ஜாம்"னு துணியை இரவல் வாங்கினேன். அவங்க மாதிரியே அழுத்தித் துடைச்சேன். ஓடுது. துடைச்சேன். ஓடுது. துடைச்சேன். நின்னுச்சு.

சேகர் பக்கத்துல வந்து நின்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுது. அவர் முகத்துலயே தெரிஞ்சுது.

ஸ்டேட்டஸ் பக்கமும் நான் எழுதினதுதான். டிரைவர் வெளியில இருக்கறதால அந்த ரெஜிஸ்டரை வேற புரோகிராமும் நேரா படிக்கலாம். சுலபமா இருக்கேன்னு ஸ்கிரீன் புரோகிராமையும் நேரா படிக்க விட்டேன். அவர் சிப்ல அந்த ரெஜிஸ்டர் ஒரு தடவை படிச்சா தானா அழிஞ்சுடும். மணி அடிச்சதுக்கும் டிரைவர் போய்ச் சேர்றதுக்கும் நடுவுல, துணி பட்டு அந்தப் பக்கம் திறந்து ஸ்கிரீன் எட்டிப் பார்த்துட்டா, தகவல் அதுக்குப் போயிடும். டிரைவர் போகும்போது காலி. ஆபீஸ்ல தூசு கிடையாது, துடைக்க ஆள் கிடையாது. ஒரு நாளும் நின்னதில்ல. புதன்கிழமை நாங்க நாற்காலி போட்டு மறைச்சுக்கிட்டதால காக் ரோஸ் துடைக்க வரவே இல்ல.

"எ… என் தப்பு"ன்னாரு. "ப… படிச்சா அழியறமாதிரி வச்சது நான்."

"இல்ல, என் தப்பு. ரெண்டு இடத்துலயிருந்து படிச்சது நான்."

"எ… என்னுது."

"என்னுதுங்கறேன்லா."

ஒரு வருஷமா "உன் பக்கம், உன் பக்கம்"னு சண்டை. இன்னைக்கு இப்படி. காக் ரோஸ் என்ன நினைச்சாங்களோ, ரெண்டு பேருக்கும் பால் போடாத தே ஓ கொண்டு வந்து கொடுத்தாங்க.

ஜும்மா தொழுகைக்கு ஆலை நின்னுச்சு. அந்த நேரத்துல வேலை. நான் மூட்டை மேல உட்கார்ந்து ஸ்கிரீன் புரோகிராமை மாத்தினேன்: இனிமே அது ரெஜிஸ்டரைத் தொடாது, எது வேணும்னாலும் டிரைவரைத்தான் கேட்கணும். அவர் சிப்பை மாத்தினாரு: படிச்சா அழியாது, பார்த்தாச்சுன்னு டிரைவர் எழுதினாத்தான் அழியும். சிப்புக்குள்ள ஒயரிங் புதுசா போட்டு முடிக்க லேப்டாப்புக்கு நேரமாகும். லேப்டாப் சூடு தாங்கலை. என் கார்ல ஏர்கான் போட்டு, அதை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தோம்.

அங்கதான் பேசினாரு. சின்ன வயசுல பீடோர் பக்கம் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில, வாத்தியார் பேர் கூப்பிட்டா "உள்ளேன் ஐயா" சொல்றதுக்குள்ள அடுத்த பேர் போயிடுமாம். பாதி வருஷம் ஆப்சென்ட் போட்டிருந்தாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

"இ… இந்த வேலை ஏன் பிடிச்சுதுன்னா, சிப் அ… அவசரப்படுத்தாது. நான் எழுதி மு… முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கும்."

லேப்டாப் விசிறி சத்தம். வெளியில கொக்கு.

தொழுகை முடிஞ்சு ஆளுங்க வர்றதுக்குள்ள தயார். ஓட விட்டோம். காக் ரோஸ்கிட்ட, நல்லா அழுத்தித் துடைங்கன்னு சொன்னேன். பாவம், கண்ணாடி தேயற அளவுக்குத் துடைச்சாங்க. நிக்கலை. சாயங்காலம் வரைக்கும் நிக்கலை. ஆலைக்காரர் வந்து ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில வச்சுப் புரட்டிப் பார்த்துட்டு, "போலே"ன்னாரு. சரிதானாம். அவ்வளவுதான். போதும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. துணி காயலை.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மெஷின் நிக்காம ஓடிச்சு. தவுக்கே இன்னும் ரெண்டு மெஷினுக்கு எங்க போர்டே போடலாம்னாரு. சேகருக்கு மெசேஜ் போட்டேன். பதில்: "சிங்கப்பூர் கேன்சல். அண்ணன் திட்டறாரு."

அந்த மெசேஜை எத்தனை தடவை திறந்து பார்த்தேன்னு எழுத வேணாம்.

அம்மா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே: "முன்னாடி எல்லாம் சேகர் அண்ணே, சேகர் அண்ணேன்னுவே. இப்ப வெறும் சேகருங்கறே."

"அப்படியா?"

"அப்படித்தான்."

மேற்கொண்டு கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

பளிச்சுனு வெயில்.

சேகரோட மல்டிமீட்டர் என் கார்ல கிடந்துச்சு. தபால்ல அனுப்பியிருக்கலாம். பீடோர் போனேன். மெரூன் சுடிதார். அம்மா பார்த்தாங்க.

அவரோட ரெண்டாவது அண்ணன் வீட்லதான் இருக்காரு. எஸ்டேட் நிலத்தை எடுத்தப்ப கொடுத்த தெரஸ் வீடு, வரிசையில கடைசி வீடு. அண்ணி வாசல்ல இருந்தே என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. அவர் முன்னறை பூரா போர்டு, ஒயர். ஜன்னல் வழியா பக்கத்துத் தோட்டத்துக் கொய்யா, ஒவ்வொண்ணுக்கும் பை கட்டியிருக்கு.

டவுன்ல மீ நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். சனிக்கிழமை, கூட்டம். வழியெல்லாம் என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு வந்தது எல்லாம் மறந்துடுச்சு. கடைசியில நேரா கேட்டேன்.

"எனக்கு முப்பத்தொம்பது. நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவ. நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு யோசிச்சேன். நீங்க யோசிச்சிருக்கீங்களா?"

சாப்பிடற குச்சியைக் கீழ வச்சாரு. வாய் திறந்துச்சு. தாடை இறுகிச்சு. பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்த்தான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். என் மனசுக்குள்ள எல்லா பதிலும் ஓடிச்சு, வேணாம்ங்கறது உட்பட. எதையும் எடுத்துக் கொடுக்கலை.

"யோ… யோசிச்சேன்"னாரு. "ஒ… ஒரு வருஷமா. ஆனா நீங்க அ… அண்ணேன்னு கூப்பிட்டீங்க."

"எல்லாரையும்தானே அண்ணேன்னு கூப்பிடறோம்."

"அ… அது தெரியும். இ… இருந்தாலும்."

முன்னாடி ரெண்டு இடத்துல பெண் பார்த்தாங்களாம். பேச ஆரம்பிச்சதும் அவங்க தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்களாம். அதனால எங்க வீட்டுக்கு வரத்தான் பயம்னாரு. எங்கம்மாவைப் பத்தி நான் வாட்சாப்ல நிறைய எழுதியிருக்கேன். தப்பு பண்ணிட்டேன்.

மல்டிமீட்டரைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போய்ட்டு வந்து அம்மாகிட்ட சொன்னேன். எல்லாத்தையும்.

அம்மா முந்தானையை மடிச்சு மடிச்சுப் பிரிச்சாங்க.

"பேச்சு வராதா?"

"வரும்மா. நேரமாகும்."

"எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. யாரையும் பேசி முடிக்க விடமாட்டேன்னு உங்கப்பாவே சொல்லுவாரு. அவர் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நான் ஒன்பது சொல்லிடுவேன். வரப்போற தம்பிக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

அவரைப் பத்திக் குறை சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். அம்மா தன்னைப் பத்தித்தான் பயப்படறாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டேன். வெங்காய வாசனை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு"ன்னாங்க.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில மழை பெஞ்சு விட்டுடுச்சு. ரோடெல்லாம் ஈரம்.

சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாரு. பட்டன் கழுத்து வரைக்கும். ஒரு கூடை கொய்யா. அம்மா அப்பதான் மீன் குழம்பு கூட்டி அடுப்புல வச்சாங்க, கையில கரண்டியோட ஹாலுக்கு வந்துட்டாங்க. உட்காருங்க தம்பி, பேன் போடட்டுமா, டிராபிக் இருந்துச்சா, அண்ணன் நல்லா இருக்காரா, எல்லாம் ஒரே மூச்சுல. அவர் தலையை மட்டும் ஆட்டினாரு. நெத்தியில வேர்வை.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் அவரைப் பார்த்து, "அந்த மெஷின் எப்படித் தம்பி வேலை செய்யுது? இவ சொல்றது எனக்குப் புரியறதே இல்ல."

"அ… அ…"

நான் பிரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். அம்மாவோட உதடு அசைஞ்சுது. "அரிசி"ங்கற வார்த்தை வாய் வரைக்கும் வந்துடுச்சு, எனக்குத் தெரியுது. சொல்லலை. உள்ள போய் அடுப்பை அணைச்சாங்க. திரும்பி வந்து அவர் எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. கரண்டி இன்னும் கையில.

"அ… அரிசி மேலயிருந்து வி… விழும்"னு ஆரம்பிச்சாரு.

கேமரா, சிப், பஃபர், காத்து வால்வு, காக் ரோஸ் துணி வரைக்கும் சொன்னாரு. ஒண்ணையும் விடலை. அம்மா நடுவுல ஒரு தடவைதான் வாயைத் திறந்தாங்க, அதுவும் அவர் ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சதுக்கப்புறம்: "காத்து அடிக்கும்போது பக்கத்துல இருக்கற நல்ல அரிசியும் சேர்ந்து போயிடாதா?"

"போ… போகும்மா. கொ… கொஞ்சம் போகும். அதைக் கு… குறைக்கத்தான் நானும் வாசுகியும் இப்ப பார்க்கறோம்."

"எப்படிக் குறைப்பீங்க?"

அவர் கழுத்துப் பட்டனைக் கழட்டிட்டு, மேசை மேல கொய்யாவை வரிசையா வச்சு விளக்க ஆரம்பிச்சாரு. மீன் குழம்பு பாதி கொதிச்சு ஆறிக்கிட்டிருந்துச்சு. யாரும் எழுந்திரிக்கலை.